சொந்த மெயில் சர்வர்: உள்ளே வருவது சுலபம், வெளியே போய்ச் சேருவதுதான் பாடு

கேள்வி சுருக்கமாக: திருப்பூரில் 80 பேர் வேலை செய்யும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். இணையதளம் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே மெயிலும் ஓடுகிறது. வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்பும் மெயில்கள் ஸ்பேமில் விழுகின்றன, பெட்டிகள் அடிக்கடி நிரம்புகின்றன. லினக்ஸ் தெரிந்த சிஸ்டம் அட்மின் ஒருவர் இருக்கிறார். சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால் தீருமா? எப்படி அமைப்பது?

பதில்:

இரண்டு தொல்லைகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பெட்டி நிரம்புவது இடப் பிரச்சினை. பெரிய டிஸ்க் போட்டால் அன்றே தீரும். ஸ்பேமில் விழுவது பெயர்ப் பிரச்சினை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்கள் மெயில் வெளியேறும் ஐபி முகவரியை வேறு எத்தனையோ டொமைன்களும் பயன்படுத்துகின்றன. அதில் யாரோ ஒருவருடைய வேர்ட்பிரஸ் தளம் ஹேக் ஆகி ஸ்பேம் கொட்டினால் அந்த ஐபியின் பெயர் கெட்டு, உங்கள் மெயிலும் சேர்ந்து அடிவாங்கும். சொந்த சர்வருக்குப் போனால் அந்தச் சகவாசம் ஒழியும், ஆனால் புது ஐபிக்குக் கெட்ட பெயர் இல்லாததுபோல நல்ல பெயரும் இருக்காது. அறிமுகமில்லாத ஐபியை ஜிமெயிலும் அவுட்லுக்கும் சந்தேகத்தோடுதான் நடத்தும். அதனால் சர்வரை மாற்றியதாலேயே ஸ்பேம் பிரச்சினை தீராது. முதல் சில வாரங்கள் இன்னும் மோசமாகக்கூட ஆகலாம்.

என் பரிந்துரை இதுதான்: மெயிலைப் பெறுவதும் சேமிப்பதும் உங்கள் சர்வரில் இருக்கட்டும், வெளியே அனுப்புவதை மட்டும் ஒரு ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கிப் பெறுநரிடம் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) வழியாக விடுங்கள். பெறும் பக்கம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது, ஒருமுறை சரியாக அமைத்தால் ஓடிக்கொண்டிருக்கும். அனுப்பும் பக்கத்தில் தீர்ப்பு சொல்வது அடுத்தவருடைய சர்வர், அதன் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். 80 பேர் நிறுவனத்தில் ஒரே அட்மின் அதைத் துரத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று. அட்மின் ஒரு வாரம் ஊருக்குப் போனால் டிஸ்க் நிரம்பியதைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 இவற்றில் ஒன்றை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

எங்கே வைப்பது

அலுவலக பிராட்பேண்ட் இணைப்பில் வைக்காதீர்கள். மின்வெட்டு ஒரு காரணம்தான். அந்த வகை ஐபிகள் பெரும்பாலும் ஸ்பேம் தடைப்பட்டியல்கள் நடத்தும் ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலில் இருக்கும், அதாவது நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு, அலுவலக இணைப்புகளின் பட்டியல். அங்கே பிடிஆர் பதிவு (ஐபியைக் கொடுத்தால் சர்வர் பெயரைச் சொல்வது) மாற்றிக்கொடுக்கச் சொன்னாலும் பெரும்பாலும் நடக்காது. டேட்டா சென்டரில் ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுங்கள். 4 கோர், 8 ஜிபி ரேம் போதும். டிஸ்க்குக்குக் கணக்கு: சராசரி ஆளுக்கு 8 ஜிபி என்றால் 640 ஜிபி, வளர்ச்சிக்கு இடம் விட்டு 1 டிபி எஸ்எஸ்டி. மெர்ச்சண்டைசிங் ஆட்கள் டெக் பேக்கும் ஆர்ட்வொர்க்கும் பரிமாறிக்கொள்பவர்கள், அவர்களுக்கு 20 ஜிபி ஒதுக்குங்கள். தொழிற்கூட மேற்பார்வையாளருக்கு 2 ஜிபியே தாராளம். ரேமில் பெரும் பங்கை வைரஸ் சோதிக்கும் கிளாம்ஏவி விழுங்கும். அது மட்டும் 1 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும், கையொப்பத் தொகுப்பைப் புதுப்பிக்கும் நேரத்தில் அதைப்போல இரண்டு மடங்குகூட ஆகும். 4 ஜிபி மெஷினில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்காட் ஏன் திடீரென்று செத்துப்போகிறது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கர்னல் லாகில் நினைவகம் தீர்ந்த செய்தி இருக்கிறதா என்று.

விபிஎஸ் வாங்குவதற்கு முன் போர்ட் 25 பற்றிக் கேளுங்கள். சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வது அந்த வாசலில்தான். வெளியே போகும் 25ஐ கூகுள் கிளவுட் இயல்பாகவே அடைத்து வைத்திருக்கும். அஷூரில் பெரும்பாலான சந்தாக்களுக்கு அடைப்பு. அமேசானில் விண்ணப்பம் கொடுத்துத் திறக்க வேண்டும். ரிலே வழியாக அனுப்பப்போகிறீர்கள் என்றால் இது உங்களைக் கட்டுப்படுத்தாது, உள்ளே வரும் 25 திறந்திருந்தால் போதும். சில இடங்களில் 465, 587 வாசல்களையும் அடைத்திருப்பார்கள். ரிலே சேவைகள் அதற்காகவே மாற்று வாசல்கள் வைத்திருக்கின்றன, அமேசானின் ரிலே சேவையான எஸ்ஈஎஸ்ஸில் அது 2587.

எந்த மென்பொருள்

அடிப்படையில் ஐந்து துண்டுகள். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் பராமரித்து ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) தரும் டவ்காட், ஸ்பேம் சலிக்கும் ஆர்ஸ்பாம்டி, அதன் நினைவுக்கு ரெடிஸ், டிஎன்எஸ் (டொமைன் பெயருக்குரிய ஐபி போன்ற விவரங்களைத் தேடித் தருவது) கேள்விகளுக்கு அன்பவுண்ட். இவற்றைத் தனித்தனியாக நிறுவலாம், அல்லது எல்லாம் கோத்துவைத்த மெயில்கவ், ஐரெட்மெயில் போன்ற தொகுப்பை எடுக்கலாம். ஒரே அட்மின் என்றால் மெயில்கவ் எடுங்கள் என்பேன். பயனர் சேர்க்கும் திரை, வெப்மெயில், மெயிலில் கையெழுத்து போடும் டிகிம் சாவி எல்லாம் அதிலேயே உண்டு. ஆனால் உள்ளே ஓடுவது இதே ஐந்துதான், கோளாறு வரும்போது இவற்றின் லாகைத்தான் படிக்க வேண்டும்.

தனியாக நிறுவுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4இல் அமைப்புக் கோப்பின் இலக்கணமே மாறிவிட்டது. டெபியன் 13இல் 2.4 வருகிறது, உபுண்டு 24.04இல் 2.3. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் 2.3க்கு எழுதியவை. அதை 2.4இல் ஒட்டினால் சர்வீஸ் எழும்பவே செய்யாது. இரண்டு சர்வர்களுக்கிடையே பெட்டிகளைப் பிரதி எடுக்கும் பழைய ரெப்ளிகேஷன் வசதியும் 2.4இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பித் திட்டம் போட்டிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஎன்எஸ் பதிவுகள்

முதலில் சர்வருக்கு ஒரு முழுப் பெயர். உங்கள் டொமைனுக்கு முன் மெயில் என்று சேர்த்தால் போதும். அந்தப் பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஏ பதிவு, அந்த ஐபிக்கு அதே பெயரைத் திருப்பித் தரும் பிடிஆர் பதிவு, போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஹெலோ பெயரும் அதே. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிடிஆரை டொமைன் விற்றவரிடம் கேட்டால் கிடைக்காது, ஐபி யாருடையதோ அவர்தான் போட முடியும். விபிஎஸ் பேனலில் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்ற இடத்தில் இருக்கும். டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இந்தப் பெயரைக் காட்ட வேண்டும். அதில் ஐபியை நேரடியாக எழுதுவதும் சிநேம் (மாற்றுப்பெயர்) பதிவுக்குக் காட்டுவதும் தவறு. சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில திருப்பி அனுப்பும். அதனால்தான் ‘சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை’ என்ற புகார் எழும்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் குறையும். ஒவ்வொரு மெயிலிலும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று, வாசிப்பவர் கண்ணில் படும் ஃபிரம் வரி மற்றொன்று. எஸ்பிஎஃப் பார்ப்பது உறை முகவரியை மட்டும்: அந்த டொமைன் இந்த ஐபிக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று. டிகிம் என்பது மெயிலின் மேல் போடும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க்தான் ஃபிரம் வரியைப் பிடித்துக்கொண்டு, எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறியது மட்டும் போதாது, தேறிய டொமைன் ஃபிரம் வரியில் இருப்பதோடு பொருந்த வேண்டும் என்று கேட்கிறது. ‘எஸ்பிஎஃப் பாஸ், டிமார்க் ஃபெயில்’ என்று அறிக்கை வருவது இதனால்தான்.

எஸ்பிஎஃப் பதிவு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பழைய ஹோஸ்டிங் போட்டது ஒன்று, நீங்கள் சேர்த்தது ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரு பதிவைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது என்பது விதி. செய்திமடல் சேவை, சிஆர்எம், ஈஆர்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்க்ளூட் (அவர்கள் ஐபிகளுக்கும் அனுமதி தரும் சொல்) சேர்த்துக்கொண்டே போனால் உள்ளடுக்குகளையும் சேர்த்து எண்ணி 10ஐத் தாண்டிவிடும். அதன்பின் பதிவு முழுவதும் பிழை. பயன்படாத இன்க்ளூட்களைக் கழித்துவிடுங்கள்.

டிகிம் சாவி 2048 பிட் வையுங்கள். அதன் பொதுச் சாவி 255 எழுத்துக்கு மேல் போகும், டிஎக்ஸ்டி பதிவில் ஒரு துண்டு 255 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எனவே இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும். சில டிஎன்எஸ் பேனல்கள் தாமாகப் பிரிக்கும், சில சத்தமில்லாமல் மீதியை வெட்டிவிடும். பதிவு போட்டதும் டிக் கட்டளையால் எடுத்துப் பார்த்து, கடைசி எழுத்துவரை வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

டிமார்க்கை முதலில் நன் (none, தேறாததை எதுவும் செய்யாதே) என்ற கொள்கையில் தொடங்கி, அறிக்கை வரும் முகவரியைக் கொடுங்கள். மூன்று நான்கு வாரம் அறிக்கைகளைப் பார்த்தால் உங்கள் பெயரில் யார் யாரெல்லாம் அனுப்புகிறார்கள் என்று தெரியும். டேலியிலிருந்து போகும் இன்வாய்ஸ், பயோமெட்ரிக் வருகைப் பதிவேட்டின் தினசரி அறிக்கை, ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், இணையதளத்தின் தொடர்புப் படிவம்: யாரும் நினைவில் வைத்திராதவை இவைதான். எல்லாவற்றையும் உங்கள் சர்வர் வழியாகத் திருப்பிய பிறகு குவாரண்டைன் (ஸ்பேமில் போடு), அப்புறம் ரிஜெக்ட் (மறுத்துவிடு). எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட்டால் உங்கள் இன்வாய்ஸே முதலில் அடிபடும்.

கூகுள் 2024 பிப்ரவரி முதல் அனுப்புகிற எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) கேட்கிறது. தன் பயனர்களுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. உங்கள் அளவுக்கு 5,000 வரப்போவதில்லை; ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸில் கவனிக்க வேண்டியவை

போர்ட் 25இல் பாஸ்வேர்டு உள்நுழைவை அறவே அணைத்துவிடுங்கள். ஊழியர்கள் அனுப்புவது 465 அல்லது 587இல், டிஎல்எஸ்ஸோடு மட்டும். பாஸ்வேர்டு இல்லாமலே அனுப்ப விடும் ஐபிகளைக் குறிக்கும் மைநெட்வொர்க்ஸ் என்ற அமைப்பில் லூப்பேக் முகவரி (சர்வர் தன்னையே குறிப்பது) தவிர எதுவும் வேண்டாம். அலுவலக ஐபி முழுவதையும் அங்கே சேர்த்தால், உள்ளே ஒரு கணினியில் வைரஸ் வந்த அன்று உங்கள் சர்வர் ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பும். பழைய ஸ்கேனருக்குப் புது டிஎல்எஸ் தெரியாது என்றால், அலுவலகத்தின் வெளி ஐபிக்கு மட்டும் தனி வாசல் திறந்து, பெறுநர் உங்கள் டொமைனுக்குள் இருந்தால் மட்டும் ஏற்கும்படி வையுங்கள். உள்நுழைந்தவர் தன் முகவரியில் மட்டுமே அனுப்ப முடியும் என்ற சோதனையும் அவசியம், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எம்டி பெயரில் அனுப்பலாம்.

அளவு வரம்பு பற்றித் தவறாமல் புகார் வரும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட். இணைப்புகள் பேஸ்64ஆக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும், ஆகவே உண்மையில் 7 எம்பி கோப்புக்கு மேல் போகாது. 25 எம்பி கோப்பு போக வேண்டுமென்றால் 3,67,00,160 என்று வையுங்கள். 50 எம்பியைத் தாண்டினால் பெட்டி அளவு வரம்பு என்ற இன்னொரு அமைப்பையும் உயர்த்த வேண்டும், அது 5,12,00,000இல் நிற்கிறது. செய்தி வரம்பு அதைவிடப் பெரிதானால் உள்ளூர் விநியோகமே நின்றுவிடும். அவ்வளவு பெரிய கோப்பை மெயிலில் அனுப்பாமல் லிங்க்காக அனுப்பச் சொல்வது மேல். உங்கள் சர்வர் விட்டாலும் எதிர்முனை விடாது.

பெட்டி நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டவ்காட்டில் கோட்டா (பெட்டிக்கு ஒதுக்கிய இடம்) நிலையைச் சொல்லும் ஒரு சிறு சேவை உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் அதைக் கேட்டு, மெயில் உள்ளே வரும் முன்பே மறுத்துவிடும். அதை அமைக்காவிட்டால் மெயிலை வாங்கிக்கொண்டு, பிறகு இடமில்லை என்று அனுப்புநருக்கு பவுன்ஸ் (சேரவில்லை என்ற அறிவிப்பு) அனுப்பும். வந்தது போலி அனுப்புநர் போட்ட ஸ்பேமாக இருந்தால் அந்த பவுன்ஸ் சம்பந்தமில்லாத ஒருவருக்குப் போகும். அதற்காகவே உங்கள் ஐபியைத் தடைப்பட்டியலில் போடுவார்கள்.

ஸ்பேம் சலிக்கையில்

தடைப்பட்டியல் என்று வந்தால் பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இருந்தால், ஸ்பாம்ஹவுஸின் இலவசச் சேவை அங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் திருப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியலை வெறுமனே எழுதிவைத்திருந்தால் அது ஏதாவது பதில் வந்தாலே ‘பட்டியலில் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, அந்த நிமிடத்திலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலும் மறுக்கப்படும், பையருடைய ஆர்டரும் சேர்த்து. லாகில் எல்லா வரியிலும் ஸ்பாம்ஹவுஸ் பெயரைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தீர்வு: சர்வரிலேயே அன்பவுண்ட் ஓட்டி, கேள்விகளை வேறு யாருக்கும் அனுப்பாமல் அதுவே நேரடியாகத் தேடும்படி வைப்பது. கூடவே, பட்டியல் பெயருக்குப் பக்கத்தில் எந்த எந்தப் பதில் குறிகளை மட்டும் தடையாகக் கொள்ள வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

ஆர்ஸ்பாம்டியின் இயல்பு மதிப்பெண்கள்: 4க்கு மேல் கிரேலிஸ்ட், 6க்கு மேல் ஸ்பேம் என்று குறி, 15க்கு மேல் மறுப்பு. முதல் மாதம் இதை மாற்றாதீர்கள். கிரேலிஸ்ட் என்பது ‘கொஞ்சம் கழித்து வா’ என்று திருப்பிவிடுவது. வங்கி ஓடிபி, சுங்கத் தளத்தின் ஓடிபி தாமதமாகிறது என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு சொன்னால், அந்த டொமைன்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஸ்பேம் என்று முடிவானதை இணைப்பு நிலையிலேயே மறுக்க வேண்டும், வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழிக்கக் கூடாது. மறுத்தால் தவறாகப் பிடிபட்ட அனுப்புநருக்கு பவுன்ஸ் போய், அவர் ஃபோன் செய்வார். அழித்தால் யாருக்கும் தெரியாது.

ரிலே வழியாக அனுப்புதல்

அமேசான் எஸ்ஈஎஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன்; மும்பையிலும் உண்டு. 1,000 மெயிலுக்கு 0.10 டாலர், பெறுநர் ஒவ்வொருவரும் ஒரு மெயிலாகக் கணக்கு, இணைப்புகளின் அளவுக்குத் தனிக் கட்டணம். 80 பேர், நாளுக்கு 40 மெயில், மாதம் 26 நாள் என்றால் 83,200. அடிப்படைக் கட்டணம் 8 டாலர் சொச்சம். தொடக்கத்தில் கணக்கு சோதனை நிலையில் இருக்கும். நாளுக்கு 200 மெயில்தான், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். எதற்கு அனுப்புகிறீர்கள், பவுன்ஸை எப்படிக் கையாள்வீர்கள் என்று எழுதி விண்ணப்பித்தால் திறப்பார்கள். எம்எக்ஸ் மாற்றும் நாளுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற இடத்தில் அவர்கள் தரும் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, பின்னால் 587 சேர்க்க வேண்டும். அடைப்பு இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடிப் போகும். உறை முகவரிக்கென்று ஒரு துணை டொமைனை எஸ்ஈஎஸ்ஸில் பதிந்துகொள்ளுங்கள். அப்போது எஸ்பிஎஃப்பும் உங்கள் டொமைனோடு பொருந்தும். செய்யாவிட்டால் டிகிம் ஒன்றை மட்டும் நம்பியிருக்க வேண்டியிருக்கும்.

கையேட்டை முழுதாகப் படிக்காதவர்கள் தவறவிடுவது இது: எஸ்ஈஎஸ் உங்கள் மெயிலின் மெசேஜ்-ஐடி, தேதித் தலைப்புகளைத் தானே மாற்றி எழுதும். ஆர்ஸ்பாம்டியும் டிகிம் கையெழுத்து போட்டு, அதில் இந்த இரண்டு தலைப்புகளையும் சேர்த்திருந்தால், வழியில் மாறியதால் உங்கள் கையெழுத்து பொய்த்துவிடும். வெளியே போகும் மெயிலுக்கு எஸ்ஈஎஸ்ஸே கையெழுத்து போடட்டும் என்று விட்டுவிடுவது எளிது. இன்னொரு பக்கவிளைவும் உண்டு. சென்ட் ஃபோல்டரில் இருக்கும் நகலின் மெசேஜ்-ஐடியும் பையருக்குப் போனதும் வேறுவேறு, அதனால் அவர் பதில் எழுதினால் சில மெயில் செயலிகளில் உரையாடல் ஒன்றாகக் கோக்காது. குறை சொல்வார்கள். ஸ்பேமில் விழுவதைவிட இது பரவாயில்லை.

மற்றொன்று, ஜிமெயிலுக்குத் தானாக ஃபார்வர்டு செய்யும் பழக்கம். வெளியார் எழுதிய மெயிலை அப்படியே ரிலேயில் தள்ளினால், சரிபார்க்காத ஃபிரம் முகவரி என்று எஸ்ஈஎஸ் மறுக்கும். நேரடியாக ஃபார்வர்டு செய்தாலும் எஸ்பிஎஃப் உடையும். உங்களுக்கு வந்த ஸ்பேமும் உங்கள் ஐபியிலிருந்து போனதாகக் கணக்காகும். வெளி ஃபார்வர்டை மொத்தமாகத் தடைசெய்து, ஃபோனில் ஐமேப் கணக்காகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரிலே வேண்டாம், நேரடியாகத்தான் அனுப்புவோம் என்றால்: ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள், அல்லது அதற்கும் பிடிஆர் போடுங்கள். பிடிஆர் இல்லையென்றால் ஜிமெயில் 550-5.7.25 என்று திருப்பும். 5.7.26 என்று வந்தால் அங்கீகாரப் பிழை, அதாவது எஸ்பிஎஃப், டிகிம் பக்கம் பாருங்கள். உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸிலும் மைக்ரோசாஃப்டின் எஸ்என்டிஎஸ்ஸிலும் பதிந்துகொள்ளுங்கள். யுசிஈபுரொடெக்ட் மூன்றாம் நிலைப் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறது என்று யாராவது பதறினால் விட்டுவிடுங்கள். அது உங்கள் விபிஎஸ் நிறுவனத்தின் முழு நெட்வொர்க்கையும் சேர்த்துப் போடும் பட்டியல், பணம் கட்டி விலக்கு வாங்கத் தேவையில்லை.

மாற்றும் நாள்

இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (மற்றவர்கள் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்கு இறக்குங்கள். புது சர்வரில் எல்லாக் கணக்குகளையும் உருவாக்கி, ஐமேப்சிங்க் என்ற கருவி கொண்டு பழைய பெட்டிகளை நகலெடுங்கள்; முதல் ஓட்டம் நாள்கணக்கில் போகலாம், யாருக்கும் தொந்தரவில்லை. வெள்ளி இரவு எம்எக்ஸை மாற்றி, ஞாயிறு இன்னொரு முறை ஓட்டினால் இடையில் பழைய இடத்தில் விழுந்தவையும் வந்துவிடும். பாப் முறையில் இழுத்துக்கொண்டிருந்தவர்களின் பழைய மெயில் அவர்கள் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் மட்டும்தான் இருக்கும். அதை அவரவர் கணினியில் உட்கார்ந்துதான் ஏற்ற வேண்டும், மாற்றத்தில் அதிக நேரம் தின்பது இதுவே.

எம்எக்ஸ் மாறிய பிறகும் பழைய ஹோஸ்டிங் உங்கள் டொமைன் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இணையதளப் படிவத்தின் மெயில்களும், அதே ஹோஸ்டிங்கில் இருக்கும் மற்ற நிறுவனங்கள் உங்களுக்கு எழுதுபவையும் வெளியே வராமல் பழைய பெட்டியிலேயே விழும். ஹோஸ்டிங்கின் நிர்வாகத் திரையான சிபேனலில் ஈமெயில் ரவுட்டிங்கை ரிமோட் என்று மாற்றினால்தான் சரியாகும். பேக்கப் எம்எக்ஸ் என்று இரண்டாவது சர்வர் வைக்க ஆசைப்படாதீர்கள். உங்கள் சர்வர் சில மணி நேரம் படுத்தாலும் அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். காவல் குறைந்த பேக்கப் எம்எக்ஸைத் தேடி வருபவர்கள் ஸ்பேமர்கள்தான்.

அன்றாட நிர்வாகம்

சான்றிதழ்: லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாளுக்குத் தரும், சர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கும். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் ரீலோட் செய்யச் சொல்லும் ஹூக் போடாவிட்டால், டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் இருந்தும் டவ்காட் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். காலாவதி எச்சரிக்கை மெயில் அனுப்புவதையும் அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஐமேப்பின் 993 வாசலில் உண்மையில் எந்தச் சான்றிதழ் தெரிகிறது என்று வெளியிலிருந்து சோதிக்கும் கண்காணிப்பு வேண்டும்.

திருடுபோன பாஸ்வேர்டு: நடைமுறையில் அதிகம் சந்திப்பது இதைத்தான். ஒருவர் கணக்கு வழியாக இரவோடிரவாக ஸ்பேம் போகும், காலையில் ரிலே சேவை உங்கள் கணக்கையே நிறுத்தியிருக்கும். பயனருக்கு மணிக்கு 100 பெறுநர் என்று ஆர்ஸ்பாம்டியில் வரம்பு வையுங்கள், தேவைப்படுபவருக்கு உயர்த்திக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் வேலை முடியவில்லை. டவ்காட்டில் திறந்திருக்கும் இணைப்புகளை உதைத்து வெளியேற்றுங்கள், க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) மிச்சமிருப்பதை நீக்குங்கள், அந்தக் கணக்கின் சீவ் விதிகளைப் (வரும் மெயிலைத் தானாகக் கையாளும் விதிகள்) பாருங்கள். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வரும் மெயிலை வெளியே ஃபார்வர்டு செய்து இங்கே அழித்துவிடும் விதி அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஏற்றுமதி நிறுவனங்களில் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று பையருக்குப் போலி மெயில் போவது இப்படித் தொடங்குவதுதான். ஓரெழுத்து மாற்றிய போலி டொமைனிலிருந்து வருவதை டிமார்க் தடுக்காது. கணக்கு எண் மாற்றத்தை ஃபோனில் உறுதிசெய்த பிறகே ஏற்க வேண்டும் என்று பையரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லாக்: இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் லாகுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டெபியனில் லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் நிறுவினால் மெயில் லாக் வாரம் ஒன்றாக 4 கோப்புக்குத்தான் சுழலும். அதை 27 ஆக்குங்கள்.

பேக்கப்: இரவுதோறும் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் கொண்டு வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு. பெட்டிகளோடு அமைப்புக் கோப்புகள், டிகிம் தனிச்சாவி, பயனர் தரவுத்தளம், டிஎன்எஸ் பதிவுகளின் ஒரு நகல் எல்லாம் சேர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியை வேறு மெஷினில் மீட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ‘மெயில் அனுப்பினேன், அவருக்குப் போகவில்லை’ என்ற அன்றாடப் புகார். லாகில் பெறுநர் முகவரியைத் தேடினால் ஒரு க்யூ ஐடி கிடைக்கும். அதை வைத்து மறுபடி தேடினால் அந்த மெயிலின் கதை முழுவதும் வரிசையாக வரும். முடிவில் சென்ட், 250 என்று இருந்தால் ரிலே வாங்கிக்கொண்டது என்று பொருள். அந்த 250க்குப் பின்னால் நீளமாக ஒரு எண் இருக்கும், அதுதான் எஸ்ஈஎஸ் போட்ட புது அடையாளம். பையருடைய ஐடி ஆளிடம் அதைக் கொடுத்தால் அவர் பக்கத்தில் தேடிச் சொல்வார். டெஃபர்டு, 4இல் தொடங்கும் குறி என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள்வரை தானாக முயலும். இதில் ஒரு குறை, அனுப்பியவருக்கு அதுவரை எந்தத் தகவலும் போகாது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை இயல்பாக அணைந்திருக்கிறது. அதை 4 மணி நேரம் என்று வையுங்கள். 5இல் தொடங்கினால் இறுதி மறுப்பு, காரணம் அதே வரியில் எழுதியிருக்கும். பெரும்பாலும் முகவரியில் எழுத்துப் பிழை.